உள்ளான் சிவக்கும் மாதம்

“இவ்வளவு பெரிய குழாயை வச்சுக்கிட்டு, பூநாரையை விட்டுட்டு இந்தப் பொடிக்குருவியையா சார் எடுக்குறீங்க? அதுவும் சேத்துல படுத்துக்கிட்டு?” வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகிற வழியில் ஒரு டீக்கடைக்காரர் கேட்டார். அவருக்கு இரண்டு டீ நேரம் சொன்ன பதில்தான் இது.

பூநாரை உயரம், நிறம், கூட்டம் என எல்லாம் சேர்ந்தது. தூரத்திலிருந்து யார் எடுத்தாலும் படம் வந்துவிடும். உள்ளான் அப்படியில்லை. மார்கழியில் ஆயிரம் உள்ளான் மேய்ந்தாலும் அத்தனையும் ஒரே சாம்பல் நிறம். எது எந்த இனம் என்று கையேட்டைப் புரட்டியே பொழுது போய்விடும். பங்குனி பாதியில் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து நிறம் கிளம்பும்.

மூக்கு நுனி கீழ்நோக்கிச் சற்றே வளைந்த உள்ளான் ஒன்று உண்டு. கையேடு அதைக் கர்லூ சாண்ட்பைப்பர் என்கிறது. சைபீரியாவின் வடகோடித் துந்திராவில் முட்டையிடும் பறவை, நம் ஊரிலிருந்து சுமார் 7,000 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்கிறபோது மணக்கோலத்தில் இருக்க வேண்டுமே, அதனால் இங்கேயே இறகு மாற்றத் தொடங்கிவிடுகிறது. புதிதாக முளைக்கும் செங்கல் நிற இறகுக்கு ஓரத்தில் வெள்ளைக் கரை இருக்கும். அதனால் பங்குனியில் பார்த்தால் செங்கல் பொடிமேல் உப்பு தூவியதுபோலத் தெரியும். நாளாக நாளாக அந்தக் கரை தேய்ந்து உதிர, சிவப்பு முழுசாக வெளியே வரும். ஆணுக்கு அடர்த்தி கூடுதல். இந்த அரைகுறைக் கோலம்தான் எனக்குப் பிடித்தது.

ஏன் படுக்க வேண்டும்? நின்று எடுத்தால் பறவையின் முதுகும் சேறும்தான் கிடைக்கும். லென்ஸ் அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி வெகுதூரம் போய்க் கரைந்துவிடும், பறவை தனியாக நிற்கும். நிமிர்ந்து நிற்கிற மனுஷனைப் பார்த்து ஓடுகிற உள்ளான், படுத்துக்கிடப்பவனை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. ஒரு உரச் சாக்கை விரித்து, முழங்கையால் ஊர்ந்து, நாலடிக்கு ஒருமுறை நின்றுவிடுங்கள். நல்ல நாளில் அதுவே உங்கள் பக்கம் மேய்ந்துகொண்டு வரும்.

உப்பளத்தில் காமிராவும் ஏமாறும். எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பலாக்கப் பார்ப்பது அதன் குணம். சுற்றிலும் வெள்ளை உப்பு என்றால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று நினைத்துப் படத்தையே இருட்டாக்கிவிடும், பறவை கரிக்கட்டையாகிவிடும். ஒளி அளவை முக்கால், ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். கருநிறத் தண்ணீரில் வெள்ளைக் கொக்கு நின்றால் நேர்மாறு, குறைக்க வேண்டும்.

இதெல்லாம் காலை ஆறேகாலிலிருந்து ஒன்பது மணிக்குள். அதற்குமேல் உப்புப் பாத்தியிலிருந்து கானல் எழும்பிவிடும். லட்ச ரூபாய் லென்ஸாக இருந்தாலும் சூடான காற்றின் ஊடாகப் பார்த்தால் இறகெல்லாம் கஞ்சிபோலக் குழையும். அப்போதுதான் டீக்கடை.

அளத்துக்குள் போவதென்றால் அளத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உப்பு வாருகிற மாதம், வரப்பை மிதித்து உடைத்தால் கோபம் நியாயமே. கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன், நானே செய்த தப்பு என்பதால். முதல் வருஷம், கூட்டம் மொத்தமாக எழும்புகிற படம் வேண்டுமென்று மண்ணாங்கட்டி எடுத்து எறிந்தேன். படம் நன்றாகவே வந்தது. பிறகுதான் தெரிந்தது, இந்த மாதத்தில் அவை மேய்வது பசிக்கு மட்டுமல்ல, பயணத்துக்கும். தோலுக்கடியில் சேரும் கொழுப்புதான் வழிக்கான எரிபொருள். ஐம்பது, அறுபது கிராம் பறவை கிளம்பும் நேரத்தில் எண்பதையும் தாண்டக்கூடும். ஒவ்வொருமுறை நாம் கிளப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போகிறது. தானாகப் பறக்கிறபோது எடுங்கள். வல்லூறு ஒன்று தலைக்குமேல் வந்தால் போதும், நீங்கள் கேட்காமலே கூட்டம் எழும்பும்.

“அப்ப சித்திரை கடைசியில வந்தா ஒண்ணும் இருக்காதா?” என்றார் அவர். சிவந்தவை பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் ஆனி வெயிலிலும் அளத்தில் சில உள்ளான்கள் சாம்பல் நிறத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை போன வருஷத்துக் குஞ்சுகள். அவற்றுக்கு இந்த வருஷம் பயணம் கிடையாது.