வீடு திரும்பும் முதல் பயணம்: குழந்தைக்கேற்ற கார் இருக்கையைத் தேர்ந்தெடுத்தல்

மகப்பேறு முடிந்து தாயும் சேயும் வீடு திரும்பும் நாளில், பெரும்பாலான குடும்பங்களில் குழந்தை பாட்டியின் மடியிலேயே பயணம் செய்கிறது. அந்த மடியைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்பது நம் நெடுநாள் நம்பிக்கை. ஆனால் ஓடும் காரில் அந்நம்பிக்கை பொருந்தாது.

அசோகத் தூணைக் கடந்து நூறடிச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒன்று, எதிலேனும் மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அப்போது 4 கிலோ எடையுள்ள குழந்தை ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் முன்னோக்கிப் பாயும். எவ்வளவு அன்புடன் அணைத்திருந்தாலும் மனிதக் கைகளால் அதைத் தாங்கிப் பிடிக்க இயலாது. அதற்காகவே குழந்தைகளுக்கெனத் தனி இருக்கை வடிவமைக்கப்பட்டுள்ளது.

பின்னோக்கிய இருக்கை ஏன்?

பச்சிளங் குழந்தையின் தலை, உடலின் நீளத்தில் கால் பங்கு இருக்கும். அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளோ வலுவற்றவை. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை, மோதலின்போது கழுத்தை இழுத்துக்கொண்டு முன்னே வீசப்படும். காரின் பின்புறத்தைப் பார்த்தவாறு அமர்ந்திருந்தால், இருக்கையின் முதுகுப்பகுதி தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒருசேரத் தாங்கும். ஆகவே இருக்கை அனுமதிக்கும் எடை அல்லது உயர வரம்பை எட்டும்வரை குழந்தையைப் பின்னோக்கியே அமர்த்துங்கள். முதல் பிறந்தநாள் வந்துவிட்டது என்பதற்காக அவசரப்பட்டுத் திருப்ப வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வயதைக் காட்டிலும் எடையும் உயரமுமே முதன்மையானவை. கைப்பிடியுடன் தூக்கிச் செல்லும் சிசு இருக்கைகள் பொதுவாக 13 கிலோ வரை பயன்படும். பின்னர் முன்னோக்கித் திருப்பத்தக்க மாற்று இருக்கைகள் நீண்டகாலம் உழைக்கும். எனினும் பிறந்த குழந்தைக்கு அவை பொருந்துமா என உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஐரோப்பியத் தரங்களான ஆர்.44, ஆர்.129 ஆகியவற்றுள் ஒன்றின் சான்று முத்திரை இருக்கையில் உள்ளதா எனப் பாருங்கள்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் இருக்கை நம் கார்ப் பட்டையுடன் பொருந்தாமற்போகலாம். காரில் பொருத்திப் பார்த்த பின்னரே நம்புங்கள். விபத்தில் சிக்கியதும், காலாவதியானதும், முன்வரலாறு தெரியாததுமான பழைய இருக்கைகளை ஏற்காதீர்கள்.

பொருத்தும் முறை

பின்னிருக்கையே உகந்த இடம். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கலாகாது. விரியும் பை குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகும். பொருத்திய இருக்கையைப் பட்டை செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால் ஓர் அங்குலத்திற்கு மேல் நகரக் கூடாது. தோள்பட்டைகள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். விரல்களால் கிள்ளிப் பிடிக்க இயலாதவாறு இறுகியிருக்க வேண்டும்.

துணியில் சுற்றிய குழந்தையை அப்படியே அமர்த்தினால் பட்டை சரியாகப் பிடிக்காது. மெல்லிய ஆடையுடன் அமர்த்திப் பட்டையைப் பூட்டிய பின், துணியை மேலே போர்த்துங்கள். மோவாய் மார்பில் சாய்ந்தால் மூச்சுப்பாதை நெருங்கும். ஆகவே தயாரிப்பாளர் குறித்த சாய்வுக் கோணத்தை மாற்றாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிள் சுடும். தொட்டுப் பார்த்த பின்னரே அமர்த்துங்கள்.

குறைமாதக் குழந்தைகள்

37 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கு, சாய்ந்த நிலையில் மூச்சும் பிராணவாயு அளவும் குறையக்கூடும். வீடு திரும்பும் முன் மருத்துவரிடம் கட்டாயம் ஆலோசியுங்கள். எல்லாப் பச்சிளங் குழந்தைகளுக்கும் முதல் வாரங்களில் ஒரே மூச்சாக நெடுந்தூரம் செல்வதைத் தவிர்த்து, அருகில் ஒருவர் அமர்ந்து கவனியுங்கள். வீட்டினுள் இந்த இருக்கை தொட்டிலுக்கு மாற்றாகாது.

சொந்தக் கார் இல்லாதவர்கள்

ஆட்டோவில் இருக்கைப் பட்டை இல்லாமையால் குழந்தை இருக்கையைப் பொருத்த வழியில்லை. வீடு திரும்பும் நாளுக்கு மட்டுமேனும் வாடகைக் கார் அமர்த்துங்கள். அதன் பின்னிருக்கைப் பட்டையும் பக்கிளும் உறைக்குள் மறைந்திருப்பதுண்டு. அவற்றை வெளியே எடுத்துவைக்குமாறு ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றிக் காரில் அழைத்துச் செல்வது 1,000 ரூபாய் அபராதத்திற்குரியது. அபராதத்தைவிடப் பெரிது குழந்தையின் உயிர். பேறுகாலத்திற்குச் சில வாரங்கள் முன்னரே இருக்கையை வாங்கி, ஒரு பொம்மையை வைத்துப் பூட்டிப் பழகுங்கள். பாட்டி அருகில் அமர்ந்து விரலை நீட்டட்டும். அதைப் பற்றிக்கொண்டு குழந்தை நலமாக வீடு வந்து சேரும்.