விழுந்த பிறகுதான் வைத்தியமா?

‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாங்க, இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு’ என்கிறபோது பழி முழுக்க ஈரத்தரைமேல் போய்விடுகிறது. அதே தரையில் பேத்தி வழுக்கினால் சிராய்ப்போடு எழுந்துவிடுவாள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறதென்றால், அது பல ஆண்டுகளாகவே உள்ளுக்குள் தேய்ந்து வந்திருக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு கரையும் வேகம் அது கட்டப்படும் வேகத்தை முந்திவிடும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அறுபதைத் தொடும்போது அந்தக் கரைதலுக்குப் பதின்மூன்று வயது. ‘கூன் விழுந்துருச்சு’ என்று வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோமே, அதில் பல, முதுகு முள்ளெலும்புகள் நசுங்கியதால் வருபவை. தைலம் தேய்த்த முதுகுவலியாக அவை கடந்துபோயிருக்கும்.

தமிழ்நாட்டு மக்களில் அறுபது கடந்தவர்கள் 2011இல் 10.4 சதவீதம், 2021க்கான கணிப்பு 13.6. அவர்களில் பெண்களே அதிகம். ஆனால் நமது ஏற்பாடு விழுந்த பிறகே கண் விழிக்கிறது. 2024 அக்டோபர் முதல் எழுபதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு வருமானம் பாராமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மத்திய அரசின் காப்பீடு உண்டு. அது பெரும்பாலும் மருத்துவமனையில் படுக்கை போட்ட பிறகான செலவுக்கு. எலும்பின் அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேனும் குளியலறைக் கைப்பிடியும் பெரும்பாலும் கைக்காசில்தான். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்வதைப் பார்த்தால், இந்த வரிசை தலைகீழானது.

‘பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் போதாதா?’ என்று கேட்பார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். கேழ்வரகு இதற்கு நல்ல துணை. ஆனால் இருபத்தையாயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற அமெரிக்க ஆய்வொன்றில், குறைபாடு உண்டா என்று பாராமல் பொதுவாகக் கொடுத்த வைட்டமின் டி எலும்பு முறிவைக் குறைக்கவில்லை என்று 2022இல் தெரிந்தது. சத்து அடித்தளம் மட்டுமே. எலும்பு மெலிந்துவிட்டவருக்கு அலென்ட்ரோனேட் போன்ற மருந்து தேவைப்படும். அதையும் வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில், தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்கவேண்டும். விடிந்ததும் காபியோடு போட்டுக்கொண்டால் பாதி வீண். ‘வீட்டுவேலையே உடற்பயிற்சி’ என்பது இன்னொரு மறுப்பு. உட்கார்ந்து காய் நறுக்குவது நிலைதடுமாறாமல் நிற்கக் கற்றுத்தராது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுவது ஓரளவு தரும். (அம்மாவை ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை என்று பெருமைப்படும் பிள்ளைகள், தொடைத் தசை இளைக்க அதுவே நல்ல வழி என்று அறிந்திருப்பதில்லை.)

எலும்பைப் போலவே விழுவதற்கான காரணத்தையும் தேடவேண்டும். இரவில் மூதாட்டி ஒருவர் சிறுநீருக்கு எழுகிறார்; படுக்குமுன் போட்ட தூக்க மாத்திரை இன்னும் இறங்கவில்லை; பிரஷர் மாத்திரையால் எழுந்ததும் ரத்த அழுத்தம் சரிகிறது; கண்புரை உள்ள கண்ணுக்கு நிலைப்படி தெரியவில்லை; நைட்டியின் ஓரம் காலில் மாட்டுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர் இந்த வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துபோகிறார். ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார். படுக்கவைத்து ஓர் அளவு, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னோர் அளவு எடுத்து, மேலளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவரிடம் அனுப்பலாம். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் அவர் பார்த்துக்கொள்வார். தன்னார்வலர்களுக்கு வேலை அதிகம், ஊக்கத்தொகை சொற்பம் என்பது நியாயமான ஆட்சேபம். கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் தரவேண்டியதுதான். புதிதாகக் கருவி எதுவும் வாங்கவேண்டியதில்லை. பட்டை கையில் சுற்றியபடியே இருக்கிறது, எழுந்து நிற்கச் சொல்வதுதான் பாக்கி.