ஊர்ப் பெயருக்கு உரியவர் யார்?

பூவிருந்தவல்லி வட்டார மல்லிகை சாகுபடியாளர்களே! உங்கள் ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிறது. அப்பெயரை முத்திரையாக்கிப் பூவை விற்க நாளை யாரேனும் முன்வந்தால், அதன் பலன் யார் கைக்குப் போகும் என்பதை இன்றே அறிந்து வைத்துக்கொள்வது நலம்.

ஓர் ஊருக்கே உரிய விளைபொருளின் பெயர் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி புவிசார் குறியீடாகப் பதிவு செய்யப்படுகிறது. பதிவு அலுவலகம் நமக்கு அருகே கிண்டியில்தான் உள்ளது. விண்ணப்பிக்கும் சங்கமே பதிவு உரிமையாளர் ஆகிறது. மதுரை மல்லிக்கு (2013) விண்ணப்பித்தது விவசாயிகள் சங்கம். ஈரோடு மஞ்சளுக்கு (2019) விண்ணப்பித்ததோ மஞ்சள் வணிகர்கள் மற்றும் கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். வணிகரைக் குறை சொல்வதற்கில்லை. முதலில் எழுந்து நின்றவர்கள் அவர்கள்.

ஆனால் பதிவு ஆனதாலேயே ஒவ்வொரு உழவருக்கும் உரிமை வந்துவிடாது. 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். முன்பு அந்த விண்ணப்பத்தில் பதிவு உரிமையாளரும் சேர்ந்தாக வேண்டும். அதாவது, பூவை வாங்கும் வணிகரே உரிமையாளராக இருந்தால், அவரிடமே போய் நிற்க வேண்டும்! 2020-இல் விதி திருத்தப்பட்டது. இப்போது உழவர் தாமே விண்ணப்பிக்கலாம். நகலை உரிமையாளருக்கு அனுப்பினால் போதும். கட்டணமும் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பயனாளராகப் பதிந்தவர் போலிப் பெயரில் விற்போர் மீது வழக்கும் தொடுக்கலாம்.

இதனால் விலை தானாக உயர்ந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் பகுதியில் சங்கம் கூடினால், விண்ணப்பத்துடன் இணைக்கும் எல்லை வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் கிராமம் கோட்டுக்கு வெளியே விழுந்தால், உங்கள் பூவை அப்பெயரில் விற்க இயலாது.