பழைய காரின் டேஷ்போர்டு விளக்கு எரியவில்லையா? சுவிட்சை மாற்றும் முன் இவற்றைச் சோதியுங்கள்

பழைய கார்களைப் பராமரித்து வருபவர்கள் அடிக்கடி சந்திக்கும் கோளாறுகளில் ஒன்று, டேஷ்போர்டு விளக்கு எரியாமல் போவது. முன்விளக்கு எரிகிறது, பின்விளக்கு எரிகிறது, எஞ்சினும் சீராக ஓடுகிறது. ஆனால், இரவில் வேகமானி மட்டும் இருட்டாகவே இருக்கிறது. சின்னக் கோளாறுதானே என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்கள் உண்டு. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, உடனே புதியதை வாங்கி மாட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே சரியான வழி அல்ல.

இந்தக் கோளாற்றை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, வேகம். பழைய பிரிட்டிஷ் கார்களின் வேகமானி மைல் கணக்கில் இருக்கும். மலேசியாவில் நெடுஞ்சாலையின் அதிகபட்ச வேக வரம்பான மணிக்கு 110 கிலோமீட்டர், அந்த முள்ளில் சுமார் 68. கூட்டரசுச் சாலைகளின் 90 கிலோமீட்டர் என்பது சுமார் 56. பகலிலேயே மனக்கணக்கு போட்டுப் பார்க்க வேண்டிய எண்கள் இவை. இரவில் முள்ளே தெரியாவிட்டால் ஓட்டுநர் வேகத்தை ஊகிக்கத்தான் முடியும். இரண்டாவது காரணம், தீ. அக்காலக் கார்கள் பலவற்றில் விளக்குகளுக்குச் செல்லும் மின்சுற்றுக்கு ஃபியூஸ் கிடையாது. அங்கே தவறாகச் செய்யப்படும் ஒரு சிறு இணைப்பு, முழு வயரிங்கையும் கருக்கிவிடக்கூடும்.

மின்சாரம் செல்லும் பாதை

மோரிஸ் மைனர் காரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார், 1948 முதல் 1971 வரை பிரிட்டனில் தயாரிக்கப்பட்டது. மொத்தம் 1.6 மில்லியனுக்கும் அதிகமான கார்கள் விற்பனையாயின. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஓடிய இக்கார்களில் சிலவற்றை இன்றும் குடும்பச் சொத்தாகப் பாதுகாத்து வருபவர்கள் இருக்கிறார்கள்.

இதன் டேஷ்போர்டு விளக்கு தனியாக இயங்குவதில்லை. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் முதலில் பிரதான விளக்கு சுவிட்சுக்கு வருகிறது. பக்க விளக்குகளைப் போட்டதும், அங்கிருந்து சிவப்பு வயர் வழியாகப் பக்க விளக்குகளுக்கும் பின்விளக்குகளுக்கும் செல்கிறது. அதிலிருந்து பிரியும் ஒரு கிளைதான் டேஷ்போர்டு விளக்கு சுவிட்சை அடைகிறது. சுவிட்சைத் தாண்டியதும், சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட வயர் வழியாக வேகமானியின் பின்னால் உள்ள சிறு பல்புகளுக்குப் போகிறது. பல்பு மாட்டியிருக்கும் உலோகப் பிடி, வேகமானியின் உலோகக் கூடு, காரின் உடல் என்று கடந்து மீண்டும் பேட்டரிக்கே திரும்புகிறது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எர்த் என்கிறோம்.

ஆக, இந்தப் பாதையில் பிரதான சுவிட்ச், வயர், டேஷ்போர்டு சுவிட்ச், பல்பு, எர்த் ஆகிய ஐந்தில் எது கெட்டாலும் விளக்கு எரியாது. டேஷ்போர்டு சுவிட்ச் அந்த ஐந்தில் ஒன்று மட்டுமே.

சுவிட்ச் ஏன் கெடுகிறது?

டேஷ்போர்டு பல்பு ஒன்று வெறும் 2.2 வாட். இரண்டு பல்புகளும் சேர்ந்து 12 வோல்ட்டில் 0.4 ஆம்பியருக்கும் குறைவான மின்சாரத்தையே எடுக்கின்றன. இந்தச் சுமையால் சுவிட்ச் கருகுவது அரிது. அதன் எதிரி ஈரம்தான். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்தால், மழைநீர் டேஷ்போர்டின் பின்பக்கம் கசியும். சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளை, செம்புத் தகடுகளில் பச்சை படிகிறது. மாதத்திற்கு ஒருமுறை மட்டுமே வெளியே எடுக்கப்படும் காரில் சுவிட்ச் அசைவதே இல்லை என்பதால், அந்தப் படிவு உரசித் தேயவும் வழியில்லை.

பிரதான விளக்கு சுவிட்சின் நிலை வேறு. 50 வாட் முன்விளக்குகள் இரண்டு எரியும்போது 8 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் ஓடும். இடையில் ரிலே இல்லாத பழைய கார்களில் அது முழுவதும் இந்தச் சுவிட்சையே கடக்கிறது. ஆகவே, டேஷ்போர்டு விளக்கோடு பின்விளக்குகளும் மங்கினால், சந்தேகப்பட வேண்டியது பிரதான சுவிட்சைத்தான்.

கழற்றும் முன் கவனிக்க வேண்டியவை

காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பக்க விளக்கு, பின்விளக்கு, எண் பட்டை விளக்கு எல்லாம் எரிந்து டேஷ்போர்டு மட்டும் இருட்டாக இருந்தால், கோளாறு அந்தக் கிளையில் இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு பாதி மட்டும் இருட்டு என்றால் பல்பு போயிருக்கலாம். கையால் லேசாகத் தட்டும்போது மினுக்கினால், பல்பு தளர்ந்திருக்கிறது அல்லது எர்த் சரியில்லை.

அடுத்து, கையை உள்ளே விடும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். 12 வோல்ட் மின்சாரம் மனிதருக்கு அதிர்ச்சி தராது. ஆனால், ஸ்பெனர் தவறான இடத்தில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை ஒரே நொடியில் வெளியேற்றும். அதனால் காரின் உடலோடு இணைந்துள்ள எர்த் முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். இங்கே ஒரு கவனம் தேவை. இன்றைய கார்களில் எர்த் என்பது நெகட்டிவ் முனை. மோரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பின்னாளில் சிலர் மாற்றியும் இருப்பார்கள். எந்த முனையின் கேபிள் காரின் உடலில் முடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வதே நல்லது.

பல்பிலிருந்து தொடங்குங்கள்

வேகமானியின் பின்னால் உள்ள பல்புப் பிடியை மெதுவாக இழுத்தால் வெளியே வந்துவிடும். பல்பு திருகு வகையைச் சேர்ந்தது. ஓட்டத்தின் அதிர்வில் தானாகவே தளர்ந்திருக்கலாம். அதை முடுக்கிவிட்டாலே சில கார்களில் வேலை முடிந்துவிடும். பல்பின் அடியும் பிடியின் உட்புறமும் மங்கியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம்.

பிறகு எர்த். காருக்குப் புதுச் சாயம் அடித்த பிறகு டேஷ்போர்டு விளக்கு எரியாமல் போனால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் சாயம் புகுந்து தடுத்துவிடுகிறது. இதைச் சோதிக்க பேட்டரியை மீண்டும் இணைத்து, விளக்கைப் போட்டு, வேகமானியின் உலோகக் கூட்டிலிருந்து காரின் உடலில் சாயம் இல்லாத ஓர் இடத்திற்கு ஒரு வயரைத் தொட வைத்தால் போதும். விளக்கு எரிந்தால் சுவிட்சின் மேல் பழி இல்லை.

மல்டிமீட்டர் ஏமாற்றும் இடம்

இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் சுவிட்சுக்கு வர வேண்டும். பக்க விளக்குகளையும் டேஷ்போர்டு சுவிட்சையும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, முதலில் சுவிட்சின் உள்வரும் முனையையும் பிறகு வெளிச்செல்லும் முனையையும் அளக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் காரில் எண்ணுக்கு முன் கழித்தல் குறி தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை.

உள்ளே 12 வோல்ட் வந்து, வெளியே ஒன்றும் இல்லை என்றால் சுவிட்ச் கெட்டுவிட்டது. உள்ளேயே வரவில்லை என்றால் சிவப்பு வயரைத்தான் தேட வேண்டும். பலரும் தவறு செய்வது, பல்பைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பதில்தான். மின்சாரம் ஓடாத நிலையில், அழுக்கேறிய சுவிட்சும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். பல்பு மாட்டி, சுமை ஏறும்போதுதான் அதன் குறை வெளிப்படும். பல்பு இணைந்திருக்கும்போது இரண்டு முனைகளுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், உள்ளே இருக்கும் தகடுகள் சரியாகத் தொடவில்லை என்று பொருள்.

சுத்தம் செய்வதா, மாற்றுவதா?

பேட்டரியை மறுபடியும் துண்டித்து, வயர்கள் இருக்கும் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒவ்வொன்றிலும் அடையாளத் தாள் ஒட்டிய பிறகே சுவிட்சைக் கழற்ற வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் வயரின் நிறம் மங்கி, சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோல் தெரியும். பழுப்பு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்பதால் இந்தக் குழப்பம் ஆபத்தானது.

பிளாஸ்டிக் உருகாமலும் கருகாமலும் இருந்தால், பழைய சுவிட்சைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். மின் தொடர்புகளைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கப்படும் ஸ்பிரேயை உள்ளே அடித்து, இருபது முப்பது முறை போட்டு அணைத்தால் படிவு கரையும். துருப்பிடித்த ஆணியைத் தளர்த்த உதவும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஏற்றதல்ல. அது தூசியை ஈர்த்து மறுபடியும் அழுக்கேற்றும். காய்ந்த பிறகு மல்டிமீட்டரின் ஓம் அளவில் சோதித்தால், எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் மாற்றுவதே மேல்.

எல்லாக் கார்களிலும் போட்டு அணைக்கும் சுவிட்சே இருப்பதில்லை. 1976-இல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் டபள்யூ 123 போன்றவற்றில், குமிழைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் இருக்கும். அதில் மெல்லிய மின்தடைக் கம்பியின் மேல் ஒரு சிறு தகடு நகர்கிறது. ஒரே இடத்தில் பல ஆண்டுகள் நின்றால் அங்கே தொடர்பு அற்றுப்போகும். குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பலமுறை திருகினாலே விளக்கு உயிர் பெறுவதும் உண்டு.

செய்யக்கூடாதவை

வெளிச்சம் போதவில்லை என்று அதிக வாட் பல்பைப் போட்டால், வேகமானிக்குள் வெப்பம் ஏறி எண் தட்டின் சாயமும் வயரின் உறையும் கெடும். எல்இடி பல்பு சூடாகாது என்றாலும், நெகட்டிவ் எர்த்துக்காகச் செய்யப்பட்டது பாசிட்டிவ் எர்த் காரில் எரியாமல் போகலாம். எல்லாவற்றையும்விட மோசமானது, சுவிட்சை ஒதுக்கிவிட்டு, கைக்குக் கிடைத்த பழுப்பு வயரில் இன்னொரு வயரை முறுக்கி டேப் சுற்றுவது. ஃபியூஸ் இல்லாத அந்த வயர் எங்காவது உரசி உடலைத் தொட்டால், தடுத்து நிறுத்த எதுவும் இல்லை.

மாறாக, பழுது பார்க்கும் இந்த வாய்ப்பிலேயே, சிவப்பு வயரிலிருந்து கிளை பிரியும் இடத்தில், சுவிட்சுக்கு முன்னால் ஒரு சிறு ஃபியூஸ் பிடியைப் பொருத்தி, 2 ஆம்பியர் ஃபியூஸ் போடலாம். டேஷ்போர்டு பல்புகளுக்கு இது தாராளம். மற்ற விளக்குகளின் சுற்றுக்குப் பாதுகாப்பு சேர்ப்பதைக் கார் வயரிங் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

வேலை முடிந்ததும் எல்லா விளக்குகளையும் கால் மணி நேரம் எரியவிட்டு, சுவிட்சுகளையும் இணைப்புகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். எங்காவது சூடாக இருந்தாலோ, பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, காரை வெளியே எடுக்காமல் வயரிங் கடைக்காரரை அழைத்துக் காட்டுவதே பாதுகாப்பு.