ஓடணிந்த ஊனுண்ணி

இன்று வாழும் ஆர்மடில்லோக்களுள் பெரும்பாலானவை எறும்பும் கரையானும் புழுவும் தின்று வாழ்பவை. அவற்றின் பற்கள் சிறு முளைகள். வளர்ந்தவற்றில் பற்சிப்பி இல்லை. அத்தகைய பற்களைக் கொண்டே ஊனுண்ணும் வாழ்வுக்கு ஏறிய, அழிந்துபோன ஆர்மடில்லோப் பேரினம் ஒன்று உண்டு: மாக்ரோயூபிராக்டசு.

அர்கெந்தீனத் தொல்லுயிரறிஞர் புளோரெந்தினோ அமெகினோ 1887-இல் அதற்குப் பெயரிட்டார். அதன் இனங்களுள் பெரியது ஏறத்தாழ 100 கிலோ எடை கொண்டது. அதன் உடலைப் போர்த்தியிருந்தவை நம் அழுங்கின் செதில்கள் போன்ற வெறும் நகப்பொருள் அல்ல. தோலிலேயே விளைந்த எலும்புத் தகடுகள்.

மண்டையோடே தெளிவாகப் பேசுகிறது. மேல்தாடையின் முன்பகுதியில் ஒரு பல் மட்டும் பருத்துக் கூம்பி, கோரைப்பல்லாகவே நிற்கிறது. உச்சியில் நெடுக ஓர் எலும்பு முகடு எழுகிறது. தாடையை மேலிழுக்கும் பொட்டுத்தசை பற்றியிருந்த இடம் அது. தழையை அரைக்கும் விலங்குகளில் கன்னத்தசை ஓங்கும். கவ்விக் கிழிப்பனவற்றில் பொட்டுத்தசை ஓங்கும். 2003-இல் செர்கியோ விசுகைனோவும் செரார்தோ தெ யூலீசும் இத்தாடையை நெம்புகோலாகக் கொண்டு ஆராய்ந்து, ஊனுண்ணும் தகவமைப்பு இதில் முதிர்ந்திருந்தது என்று காட்டினர்.

பல்லை மட்டும் பார்த்து முடிவு சொல்வது பிழை. பல்லமைப்பால் ஊனுண்ணி எனப் பேசப்பட்ட கொம்புடைய தொல் ஆர்மடில்லோவான பெல்தெபிலசு, 1997-இல் அதே விசுகைனோவின் ஆய்வில் நிலத்தடிக் கிழங்குகளைத் தோண்டித் தின்றதாகவே புலப்பட்டது. தசையும் மூட்டும் சேர்ந்து சான்று பகர்ந்தால்தான் தீர்ப்பு நிற்கும். மாக்ரோயூபிராக்டசின் உறவினமான இன்றைய ஆறுபட்டை ஆர்மடில்லோ பிணந்தின்னும், சிற்றுயிர்களையும் கொல்லும். குலத்தில் இருந்த அப்பழக்கத்தை இது முழுத்தொழிலாக்கியது என்றே நான் கொள்கிறேன்.

மாக்ரோயூபிராக்டசு வாழ்ந்த நாளில் தென்னமெரிக்கா பெருந்தீவு. அங்கே வேட்டைத்தொழில் பைம்மாக்களின் உறவினங்களுக்கும் பறக்காப் பெரும்பறவைகளுக்கும் உரியதாயிருந்தது. மார் தெல் பிளாத்தா அருகிலுள்ள சபத்மலால் கடற்கரைப் பாறைகளில் வளை தோண்டி வாழ்ந்த கொறிவிலங்குகளின் எலும்புகள், அவற்றின் வளைகளிலேயே கிடைக்கின்றன. மண்ணைப் பறிக்கும் நகமும் கவ்வும் தாடையும் ஒருங்கே பெற்ற விலங்குக்கு அதனினும் ஏற்ற இரை எது?

அதே பாறைகளில் 33 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உருகிய கண்ணாடிக் கசடு ஓர் அடுக்காகப் படிந்துள்ளது. அதற்கு மேலே பல பாலூட்டிப் பேரினங்களைக் காணவில்லை. வடக்கிலிருந்து வந்த நாய்க்குலத்தின் எலும்புகள் அந்நிலத்தில் தெளிவாகத் தோன்றுவதோ அதற்குப் பிந்திய அடுக்குகளில்தான். ஆகவே, வடக்கிலிருந்து வந்த வேட்டை விலங்குகளே பழங்குடி உயிர்கள் அனைத்தையும் அழித்தன என்னும் எளிய விளக்கத்தை நான் ஏற்பதற்கில்லை.