பின்தொடர்பவர் ஐயாயிரம், தொலைபேசி இலக்கம் எத்தனை?

மானிப்பாயில் தனியொருவராகக் கறித்தூள் வியாபாரம் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செத்தல் மிளகாய், மல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு எல்லாவற்றையும் வாங்குவதும் வறுப்பதும் அவரே. பொதி கட்டுவதும் தபாலுக்குக் கொண்டுபோவதும் அவரே. கடைக்கு வருபவர்களை மட்டும் நம்பினால் அவருடைய வியாபாரம் சங்கானையைத் தாண்டாது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தூளைத் தேடுகிறவர்கள் டொரொன்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேர இன்று கையடக்கத் தொலைபேசி ஒன்றே போதும்.

எனவே அவர் பேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்குகிறார். ஓரிரு வருடங்களில் ஐயாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். இனிக் கவலையில்லை என்று நினைக்கிறார். நமது வியாபாரிகளில் பலர் இடறி விழும் இடம் இதுதான்.

அந்த ஐயாயிரம் பேரும் அவருடைய வாடிக்கையாளர்கள் அல்லர். பேஸ்புக் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள். வியாபாரப் பக்கங்களைவிட உறவினர், நண்பர்களின் பதிவுகளுக்கே முன்னிடம் கொடுப்போம் என்று 2018 ஜனவரியில் அந்நிறுவனம் அறிவித்தபோது, பக்கம் வைத்திருந்த எவரிடமும் அது அனுமதி கேட்கவில்லை. வாடகைக் கடையில் வியாபாரம் செய்கிறவருக்கு இது புரியும். முதலாளி கதவைப் பூட்டினால் உள்ளே உள்ள சரக்கு நமதாக இருந்தும் பயனில்லை.

கதவு பூட்டப்பட்டதை நமது நாட்டிலேயே பார்த்தோம். திகன வன்செயலை அடுத்து 2018 மார்ச் 7 முதல் ஏறத்தாழ ஒரு வாரம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் தடைசெய்யப்பட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர் மாத இறுதிவரை மீண்டும் தடை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு முறை. அரசின் தலையீடு இல்லாமலும் இது நடக்கும். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் ஆறு மணித்தியாலம் அளவில் முடங்கின. மூன்றும் ஒரே முதலாளியின் கடைகள்! மூன்றிலும் கணக்கு வைத்திருப்பதால் மூன்று கால்களில் நிற்கிறோம் என்று எண்ணுவது தவறு. இந்தியாவில் 2020 ஜூன் 29ஆம் திகதி டிக்டொக் தடைசெய்யப்பட்டபோது, அதில் மட்டும் பெயர் தேடியவர்கள் ஒரே இரவில் தம் கூட்டத்தை இழந்தார்கள். அதே ஆட்களை யூடியூபிலும் சேர்த்து வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

அப்படியானால் எல்லாத் தளங்களிலும் ஓடியாட வேண்டுமா? தனியாள் ஒருவரால் அது முடியாது. முயன்றால் தூள் வறுக்க நேரமிருக்காது. ஒரு வேலையைச் செய்து அதைப் பல இடங்களில் பயன்படுத்துவதே கெட்டித்தனம். கிழமைக்கு ஒரு நாள், மல்லி வறுபடும்போது பத்து நிமிடம் படம் பிடிக்கட்டும். முழுப்படமும் யூடியூபுக்கு. அங்கே போட்டது இரண்டு வருடம் கழித்தும் தேடுகிறவர் கண்ணில் படும். அதிலிருந்து வெட்டியெடுத்த அரை நிமிடம் டிக்டொக்குக்கும் இன்ஸ்டகிராமுக்கும். அவை புதியவர்களை அழைத்து வரும், ஆனால் சில நாட்களில் மறக்கப்படும். ஒரு படமும் நாலு வரியும் பேஸ்புக்குக்கு. புலம்பெயர்ந்த நடுத்தர வயதினர் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இத்தனையும் மீன் பிடிக்கும் வலை மட்டுமே. பிடித்ததைப் போட்டு வைக்கும் கூடை நமது கையில் இருக்க வேண்டும். அந்தக் கூடை, வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி எழுதிய பட்டியல். ஒவ்வொரு படத்தின் முடிவிலும், ஒவ்வொரு பொதிக்குள் வைக்கும் துண்டிலும் வட்ஸ்அப் இலக்கத்தைக் கொடுத்து, "இதைச் சேமித்துக்கொண்டு ஒரு செய்தி அனுப்புங்கள்" என்று கேட்கட்டும். சேமிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்ஸ்அப்பின் பிரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நமது இலக்கத்தைத் தமது தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல், "அனுப்பினேன், எவரும் பதில் தரவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் ஏராளம். வட்ஸ்அப்பும் பூட்டப்படும் நாள் வரலாம் என்பதால் மின்னஞ்சலையும் கேட்டு வாங்குவது நல்லது. பட்டியலின் பிரதி ஒன்று கொப்பியிலும் இருக்கட்டும்.

சம்மதம் கேட்காமல் எவரையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். தினமும் செய்தி அனுப்பித் தொல்லை கொடுக்கவும் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு போதும்.

மானிப்பாய்க்கு இது புதிய பாடமும் அல்ல. 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷன் அச்சகம் இங்கிருந்து உதயதாரகையை வெளியிடத் தொடங்கியபோது, தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அச்சிட்டு இரு வகை வாசகரையும் ஒரே பத்திரிகையில் பிடித்தது. அதற்கு அச்சு இயந்திரமும் ஆட்களும் தேவைப்பட்டன. நமது தூள் வியாபாரிக்குத் தேவைப்படுவது ஒரு கொப்பியும் கொஞ்சம் ஒழுங்கும்.

அந்தக் கொப்பியில் பெயருக்கு எதிரே எந்த நாடு, என்ன வாங்கினார், எந்த மாதம் ஊருக்கு வருவார் என்பதையும் குறித்து வைக்கலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்னதாக, "எத்தனை கிலோ வறுத்து வைக்க?" என்று ஒரு வரி அனுப்பினால், மிளகாய் எவ்வளவு கொள்வனவு செய்வது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.