எயிட்ஸ் நோயின் அறிகுறிகள்: கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

ஆர்.கே.பேட்டை போன்ற நம் ஊர்களில் ஒருவர் மெலிந்து இருமக் கண்டால், "இது எயிட்ஸ்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது எத்துணைப் பிழையானது என்பதை நம் நாட்டின் முதற் கண்டுபிடிப்பே உணர்த்துகிறது. 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் டாக்டர் நிர்மலா ஆய்வுக்கெனப் பெண்கள் பலரிடம் குருதி சேகரித்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதைச் சோதித்தபோது அறுவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. அவர்கள் எயிட்ஸ் நோயாளிகளென மருத்துவரைத் தேடி வந்தவர்கள் அல்லர்.

கிருமி புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் சிலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, தோலில் தடிப்பு ஆகியன தோன்றி மறையும். பின்னர்ப் பல ஆண்டுகள் யாதோர் அறிகுறியும் இராதிருக்கலாம். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியபின்னரே உடல் மெலிவு, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கு, வாயில் வெண்படலம், அக்கி, காசநோய் முதலியன தொடரும். இவை வேறு காரணங்களாலும் வரக்கூடும். ஆகவே குருதிச் சோதனையின்றி இத்தொற்றை உறுதி செய்ய இயலாது. தொடக்க வாரங்களில் சோதனையிலும் அது தெரியாமற்போகலாம். அப்போது மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தல் வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இச்சோதனை இலவசம். முடிவும் இரகசியமாகக் காக்கப்படும். கூட்டுமருந்தை 2004-ஆம் ஆண்டு தொடங்கி அரசு இலவசமாக வழங்குகிறது. அதனை நாடோறும் தவறாது உட்கொள்வோர் நெடுங்காலம் நலமுடன் வாழ்கின்றனர்.

ஊராரின் வம்புக்கு அஞ்சிச் சோதனையைத் தவிர்ப்பவர் இம்மருந்தை இழக்கிறார். நோயை அறிவது மருத்துவரின் பணி. ஐயமுற்றவரோடு அந்த மையத்தின் வாசல்வரை நடந்துசெல்வது மேய்ப்பராகிய நம் பணி.